அண்ணாச்சிக்கு ஒரு பொன்னாடை

அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பு மன்றத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். வாழ்த்திப் பேச எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கப்பல் அழகு, உங்கள் கை பொன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நிற்கும்போது நீளப் பேசினால் யார் கேட்பார்கள்? அன்று சொல்லாமல் விட்ட புகழையெல்லாம் இங்கே சொல்லி முடிக்கிறேன். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை. எல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தது.

முதலில் உங்கள் பொறுமை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்திரண்டு வருடம் டூல் ரூமில் நின்ற ஆள், ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்தீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரிக் கப்பல் பெட்டியைத் திறந்த சாயங்காலம் நானும் இருந்தேன். உள்ளே கப்பலைக் காணோம். பிளைவுட் பலகைகள், கட்டுக் கட்டாக மரப்பட்டைகள், நூல்கண்டுகள், பொட்டலம் பொட்டலமாகப் பித்தளைச் சாமான்கள், மடித்து வைத்த வரைபடங்கள். "இதில் எங்கே அண்ணாச்சி கப்பல்?" என்று கேட்டேன். வரைபடத்தைத் தட்டிக் காட்டினீர்கள். "கப்பல் இதுலதான் இருக்கு தம்பி. மத்ததெல்லாம் வெறும் மரம்" என்றீர்கள். அந்த வார்த்தை என் மனசில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் அதற்கு வருகிறேன்.

கப்பலின் முதுகெலும்பான ஏராவை வைத்து, அதன்மேல் குறுக்குச் சட்டங்களைச் செருகி, மூலைமட்டம் பார்த்து ஒட்டி முடித்த பிறகு பட்டை அடிக்கத் தொடங்கினீர்கள். கப்பலின் முன்பக்கமான அணியம் வில்லாக வளைகிற இடத்தில் நேர்ப்பட்டை உட்காராது. ஒரு முனை அடைத்த பிவிசி குழாயில், மதினி கொதிக்க வைத்துக் கொடுத்த தண்ணீரை ஊற்றிப் பட்டைகளை ஊறப்போடுவீர்கள். சூட்டோடு எடுத்து வளைத்து, துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வ வைத்து, ஒரு ராத்திரி காயவிடுவீர்கள். முனையில் இழைப்புளி போட்டு ஒடுக்கும்போது எனக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தீர்கள்: பட்டையை அதன் அகலத்தில் பாதிக்குக் கீழே ஒடுக்கக் கூடாது, ஒடுக்கினால் ஊசி ஏறும்போது பிளந்துவிடும். இடப்பக்கம் ஒரு பட்டை அடித்தால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு பட்டை, அதற்குமேல் நீங்கள் ஆசைப்பட்டதில்லை. முதல் சுற்று முடிந்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, அதன்மேல் வால்நட் மரத்தில் மெல்லிய பட்டைகளாக இன்னொரு சுற்று.

அப்புறம் பாய்மரத்து ஏணிக்கயிறுகள். மரத்தின் இருபுறமும் இறங்கும் கயிறுகளுக்குக் குறுக்கே படி படியாக நூல். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. கையில் சாமணம், கண்ணில் வாட்ச் ரிப்பேர்க்காரர் வைத்துக்கொள்ளும் லென்ஸ். ஒரு முடிச்சு கொஞ்சம் கூடுதலாக இறுகினாலும் பக்கத்துக் கயிறுகள் உள்வாங்கி உடுக்கையின் இடுப்புப் போல் ஆகிவிடும். அவிழ்த்து மறுபடி போடுவீர்கள். இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு.

மூன்றரை வருடம் அண்ணாச்சி. அந்த மூன்றரை வருடத்தில் நீங்கள் சொந்த ஊரான தூத்துக்குடிக்குப் போனது மூன்று தடவை. இரண்டு கல்யாணம், ஒரு துட்டி. மூன்று தடவையும் அன்று ராத்திரியே முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடித்துத் திரும்பிவிட்டீர்கள். பசை காய்ந்திருக்கும், அடுத்த பட்டை காத்துக்கொண்டிருக்கும் என்றீர்கள். பழைய துறைமுகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாத அளவுக்கு ஒரு கப்பலின்மேல் பற்று வைக்க எத்தனை பேரால் முடியும்?

அடுத்தது உங்கள் ஞானம். உங்கள் மாதிரிக்கு மூலமான எச்.எம்.எஸ். விக்டரி என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1759இல் சாத்தம் தளத்தில் அதற்கு ஏரா வைத்தார்கள், 1765இல் நீரில் இறக்கினார்கள். ஏறத்தாழ 6,000 மரம் வெட்டிக் கட்டியது, பெரும்பாலும் ஓக். 104 பீரங்கி. 37 பாய். பாய்மரக் கயிறுகளை எல்லாம் அவிழ்த்து நேராகக் கட்டினால் 26 மைல். சென்ட்ரலிலிருந்து திருவள்ளூருக்கு ரயில் போகும் தூரம் என்று நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள். 1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கர் சண்டையில் கடற்படைத் தளபதி நெல்சன் குண்டுபட்டு விழுந்த இடத்தைச் சின்னக் குச்சியால் தொட்டுக் காட்டினீர்கள். 1922இல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் ஏற்றி வைத்தார்கள், இன்றைக்கும் அங்கே பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஷ்ரௌட், ராட்லைன், பேக்ஸ்டே, ஹேலியார்ட் என்று ஒவ்வொரு கயிற்றின் பெயரும் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அன்று மன்றத்தில் கடைசி வீட்டுப் பெண் குழந்தை கேட்டாள், "தாத்தா, இந்தக் கயிறுக்குத் தமிழ்ல என்ன?" என்று. அவள் தொட்டது பாயை இழுத்துக் கட்டும் கயிறு. நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. பதில் உங்கள் வீட்டில்தான் இருந்தது. உங்கள் அப்பா தோணியை நடத்திச் செல்லும் தண்டல். தாமான், ஆலாத்து, பருமல், சுக்கான் என்ற சொற்கள் உங்கள் வீட்டுத் திண்ணையில் சோற்றுப் பேச்சாகப் புழங்கியிருக்கின்றன. நீங்களே எனக்கு எப்போதோ சொன்னதுதான். கடைசியில் அந்தப் பெண்ணிடம், "இதுக்கு இங்கிலீஷ்லதான் பேரு உண்டும்மா" என்றீர்கள். இங்கிலாந்துக்காரன் கப்பலுக்கு அவன் சொல்லையே சொல்ல வேண்டும் என்ற உங்கள் நேர்மையைப் புகழ்கிறேன். தாமான் என்ற சொல்லைப் பத்து வயதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குழந்தை, அதைக் கேட்காமலே வீட்டுக்குப் போனாள்.

அந்தச் சொற்கள் எங்கேயும் போய்விடவில்லை. ஜோ டி குரூஸ் தம் 'கொற்கை' நாவலில் தூத்துக்குடித் தோணிகளின் உலகத்தையே எழுதி வைத்தார். 2013இல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் சொல்லைத் தொட்டுக் காட்ட ஒரு கயிறு வேண்டும். கயிறு உங்கள் கையில் இருந்தது அண்ணாச்சி.

மூன்றாவது, உங்கள் துல்லியம். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்குப் போகும் சாமான்களுக்கு அளவுக் கருவி செய்து கொடுத்த கை அது. டிராயிங் இல்லாமல் ஒரு இரும்புத் துண்டையும் தொடமாட்டேன் என்பது உங்கள் தொழில் தர்மம். வாய்மொழியாக அளவு சொன்ன முதலாளியிடம், "காகிதத்துல குடுங்க சார், நாளைக்கு நான் இல்லேன்னாலும் இன்னொருத்தன் செய்யணும்" என்று சொன்னதாகச் சொல்வீர்கள். இதைவிடப் பெரிய புத்தி ஒரு தொழிலாளிக்கு வேண்டியதில்லை.

இந்தப் புத்திக்குக் கடல் வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1812இல் பம்பாயில் ஒரு போர்க்கப்பல் கட்ட ஆணை பிறந்தது. அதன் வரைபடங்களை ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஜாவா என்ற கப்பலை, அந்த வருடக் கடைசியில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரின் கான்ஸ்டிடியூஷன் அடித்து நொறுக்கியது. வரைபடமும் அதோடு போயிற்று. பம்பாயில் மலபார் தேக்கு இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய வாடியா குடும்பமும் இருந்தது. ஆனாலும் இன்னொரு பிரதி வரும்வரை வேலை நின்றது. பிரதி வந்தது, கட்டினார்கள், 1817 அக்டோபர் 12இல் நீரில் இறக்கினார்கள். கப்பலின் பெயர் டிரிங்கோமலி. நம் திருகோணமலையின் பெயர்தான். அந்தத் தேக்கு உடம்பு இரு நூறு வருடம் தாண்டி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. கடலில் போன படத்துக்குப் பதில் இன்னொரு படம் வந்தது, அதனால் கப்பல் பிறந்தது.

இப்போது தூத்துக்குடியில் உங்கள் வீட்டுத் தெருக்கோடியை நினைத்துப் பாருங்கள். பழைய துறைமுகத்தில் தோணி கட்டிய ஆசாரிமார் காகிதம் வைத்துக்கொண்டு கட்டவில்லை. ஏரா எவ்வளவு நீளம் என்று முடிவானால் அகலமும் ஆழமும் வங்குகள் என்னும் குறுக்குச் சட்டங்களின் வளைவும் அந்த நீளத்திலிருந்தே பிறக்கும். கணக்கு முழுதும் தலையில் இருந்தது, மிச்சம் கண்ணில். வேம்பையும் வாகையையும் பார்த்தவுடனே இது எந்த வங்குக்கு ஆகும் என்று கிளையின் வளைவைக் கண்டே சொல்லும் கண் அது. பலகைச் சந்தில் பஞ்சை அடைத்துக் கலப்பத்து அடிக்கும் சத்தத்தை வைத்தே இறுகிவிட்டதா இல்லையா என்று சொல்வார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கப்பல் சாத்திரம் என்று ஒரு பழைய தமிழ் நூலே உண்டு. சுவடியிலிருந்து எடுத்து 1950இல் சென்னையில் அச்சிட்டார்கள். ஏராவுக்கு என்ன அளவு, எது நன்மை, எது தீமை என்று அது பேசும். எழுதி வைக்கும் பழக்கம் நமக்கும் இருந்தது என்பதற்கு அது அத்தாட்சி. எழுதாமல் விட்டது எவ்வளவு என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

ஆசாரியின் தலை கடலில் போனால் மறுபிரதி அனுப்ப எந்த ஊரில் அலுவலகம் இருக்கிறது? டிராயிங் இல்லாமல் இரும்பைத் தொடாத நீங்கள், டிராயிங் இல்லாமலே மரக்கலம் கட்டிய மனிதர்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தீர்கள். வெர்னியர் பிடிக்கத் தெரிந்த முதல் ஆள் உங்கள் தெருவில் நீங்கள்தான். முப்பத்திரண்டு வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த அந்தக் கையில் ஒரு டேப்பும் ஒரு நோட்டும் இருந்திருந்தால், ஒரு தோணியின் படம் இன்று நம்மிடம் இருந்திருக்கும். கப்பல் படத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வெறும் மரம் என்று சொன்னவர் நீங்கள்.

நான்காவது, உங்கள் விருந்தோம்பல். ஒரு வெளியூர்க் கப்பலுக்கு வீட்டின் நடுக்கூடத்தைக் கொடுத்தீர்கள். தொலைக்காட்சியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, தேக்குச் சட்டத்தில் கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே எல்இடி விளக்குப் போட்டு, தூசி புகாமல் ஓரத்துக்கு ரப்பர் வைத்தீர்கள். தூர தேசத்தார் நம் கப்பலுக்குச் செய்த மரியாதையை நினைத்தால், நீங்கள் செய்தது அதற்குப் பதில் மரியாதை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1930இல் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஒரு கப்பல் கட்டினார்கள். இரண்டு பாய்மரம். பெயர் அன்னபூரணி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதைப் பார்த்து மயங்கி விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறைத் தண்டலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடல் தாண்டி, அட்லாண்டிக்கையும் தாண்டி ஓட்டிக்கொண்டு போய் 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கடலில் வளர்ந்த ஓர் ஊரின் தச்சர்கள் கட்டியதை, உலகம் சுற்றிய ஒருவர் பணம் கொடுத்து வாங்கித் தம் ஊருக்குக் கொண்டுபோனார். அவருக்கு அதன் அருமை தெரிந்தது.

இன்னொன்று. 1836 வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது உடைந்த மணியின் மேல்பாகம். அதைச் சுற்றி எழுத்து இருந்தது. தமிழ் எழுத்து. முகைதீன் வக்கூசு என்பவருடைய கப்பலின் மணி இது என்று அந்த எழுத்து சொல்கிறது. அந்தக் கப்பல் எங்கே கட்டியது, எப்படி அங்கே போயிற்று, யாரெல்லாம் அதில் இருந்தார்கள் என்பதற்கு வேறு தடயமில்லை. மணி மட்டும் இன்று வெலிங்டன் நகரத்து தே பாப்பா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. உருளைக்கிழங்கு வெந்த பானையை அவர்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காத்தார்கள்.

ஐந்தாவதாக நான் புகழ வந்தது உங்கள் துணிவு. இதை மன்றத்தில் சொல்ல வாய் வரவில்லை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அம்பத்தூர்ப் பக்கம் தண்ணீர் ஏறிய அந்த விடியற்காலை உங்களுக்கு மறக்காது. வாசல்படி தாண்டி வீட்டுக்குள் கணுக்கால் அளவு வந்தது. நான் ஓடிவந்தபோது நீங்கள் இருட்டில் விக்டரியின் உடம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தீர்கள். அப்போது அதற்குப் பாய்மரம் ஏறவில்லை. மூட்டு வலியோடு நின்றபடியே, பரண்மேல் ஒரு கம்பளியை விரித்து, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தினீர்கள். அதன்பிறகுதான் மதினியின் மாத்திரைப் பெட்டியை எடுத்தோம். அந்தக் கப்பலில் ஒரு பட்டைகூட நனையவில்லை.

கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதை எடுக்க நம் இருவருக்குமே தோன்றவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து, மதினி அதைத் திறந்து வெயிலில் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே அப்பாவின் நோட்டு. எத்தனை தடவை கொழும்பு, எந்தக் காற்றில் எத்தனை நாள், என்ன சரக்கு, யாருக்கு எவ்வளவு கூலி என்று தண்டல் எழுதிய கணக்கு. காப்பியிங் பென்சிலால் எழுதியது. அந்தப் பென்சில் எழுத்து தண்ணீர் பட்டால் ஊதாவாகக் கலங்கிவிடும். பக்கம் பக்கமாக ஊதா. நீங்கள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. காயவைத்து மறுபடி பெட்டியில் வைத்தீர்கள். மறுநாள் பரணிலிருந்து விக்டரி இறங்கியது. அதற்கும் மறுநாள் அடுத்த பட்டை.

இதில் எனக்கும் பங்கு உண்டு அண்ணாச்சி, அதை மறைக்கமாட்டேன். என் கைபேசி அன்று சட்டைப் பையில்தான் இருந்தது. பரண்மேல் பத்திரமாகக் கிடந்த கப்பலைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். கொல்லைப்புறக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த நோட்டின் ஒரு பக்கத்தையாவது படம் எடுக்கவில்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கே அது தோன்றவில்லை என்றால் உங்களை எப்படிக் குறை சொல்வேன்?

புகழ்வதைப் பற்றி ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. நாம் குடியிருப்பது தொண்டை நாட்டில். பக்கத்துத் திருமுல்லைவாயில் கோயிலில், முல்லைக்கொடி காலைச் சுற்றிய யானையை விடுவிக்கத் தொண்டைமான் வாள் வீசிய கதையை இன்றும் சொல்வார்கள். தொண்டைமான் என்ற பெயரைத் தாங்கிய இன்னொருவனிடம் அதியமானுக்காக அவ்வை தூது போன செய்தியைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அவன் தன் ஆயுதக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அங்கே எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று இருந்தன. அவள் அதை அப்படியே புகழ்ந்தாள். அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவள் சொன்ன இரண்டும் உண்மை. உண்மையை மட்டும் சொன்னதால்தான் அது தைத்தது.

உங்கள் விக்டரியில் ஒரு கீறல் இல்லை. மன்றத்தில் இன்னொரு பையன், "தாத்தா, இதைப் பருத்திப்பட்டு ஏரியில விட்டா மிதக்குமா?" என்று கேட்டபோது, "தண்ணியே படக் கூடாது" என்றீர்கள். சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் பாய் இறக்கி எஞ்சின் ஏற்றிக்கொண்டாலும் இன்னும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் சுமந்துகொண்டு போகின்றன. பெருங்காற்று மாதங்களில் கரையோரம் கட்டிக் கிடக்கின்றன. பலகை உளுத்து, ஆணி துருவேறி, கலப்பத்துக்குக் காத்துக்கொண்டு கிடப்பவை அவை. அவற்றின் உடம்பில் படாத தண்ணீர் இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

புகழ்ந்தது போதும், இனி ஒரு விண்ணப்பம்.

மாதிரிக் கப்பல் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? பதினேழாம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்துக்காக, நிஜக் கப்பலின் 48இல் ஒரு பங்கு அளவில் மாதிரிகள் செய்து வந்தார்கள். அவற்றில் சில இன்றும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தக் கப்பல்கள் மட்கிப்போய் நூற்றாண்டுகள் ஆயின, மாதிரி சாட்சி சொல்கிறது. நம் நாட்டிலும் அண்மையில் ஒன்று நடந்தது. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஒரு பழைய கப்பலைக் கண்ணால் அளந்து, படமே இல்லாத அந்தக் கப்பலுக்குப் படம் உண்டாக்கினார்கள். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் அதன் மாதிரியை வைத்து நீரோட்டச் சோதனை செய்தார்கள். கேரளத்துக் கைகள் பலகையைக் கயிற்றால் தைத்தன. 2025 மே 21இல் கார்வாரில் கௌண்டின்யா என்ற பெயரோடு அது கடற்படையில் சேர்ந்தது. பிறகு போர்பந்தரிலிருந்து பாய் விரித்து மஸ்கட் வரை போய்ச் சேர்ந்தது. சுவரில் இருந்த ஓர் ஓவியத்திலிருந்து இவ்வளவு முடிந்தது. நமக்கோ சுவர் தேவையில்லை. நிஜத் தோணி நிற்கிறது. அதைக் கட்டிய கையில் கொஞ்சம் பேராவது இன்னும் உயிரோடு இருப்பார்கள். அளக்கத் தெரிந்த நீங்கள் அம்பத்தூரில் இருக்கிறீர்கள்.

போன வாரம் மதினியிடம் கேட்டு அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊதா எல்லாப் பக்கத்தையும் தின்றுவிடவில்லை. தைத்த நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால் தப்பித்திருக்கின்றன. ஆவியில் காட்டி மெதுவாகப் பிரித்தேன். நீங்கள் பட்டையை வளைக்கச் சொல்லிக் கொடுத்த பொறுமை எனக்கு அங்கே உதவியது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி தெளிவாக இருக்கிறது. தோணியின் நீளம் பதினாறு பாகம் என்று எழுதியிருக்கிறார். பாகம் என்றால் ஆறடி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் விக்டரி 72இல் ஒரு பங்கு. அப்படியென்றால் ஆறடி ஓர் அங்குலம். ஒரு பாகம் ஓர் அங்குலம். பெட்டியில் வந்த அளவு அப்பாவின் அளவோடு இவ்வளவு நேராகப் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. விக்டரியின் 186 அடிப் பீரங்கித் தளம் உங்கள் கூடத்தில் 31 அங்குலமாக நிற்கிறது. அப்பாவின் தோணி 16 அங்குலம் வரும்.

பொன்னாடை போர்த்திய அன்று எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அளந்துகொண்டிருந்தேன். விக்டரியின் சுக்கானுக்கு வலப்பக்கம், விளக்குக்குக் கீழே, இடம் காலியாக இருக்கிறது. சரியாகப் பதினெட்டு அங்குலம்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன். திரும்பி வர இன்னும் போடவில்லை. டேப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டை நான் கொண்டுவருகிறேன்.